கழிவு எஞ்சின் ஆயிலை வடிகட்டி டீசல் லாரியில் எரிக்கும் முறை

கழிவு எஞ்சின் ஆயிலை வடிகட்டி, டீசலில் கலந்து எரிபொருளாக்க நினைப்பவர்கள் டிரம்மும் ஃபில்டரும் வாங்குவதற்கு முன், தங்கள் லாரியில் இருப்பது எந்த வகை எஞ்சின் என்று பார்த்துவிட வேண்டும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரெயில் எஞ்சினாக இருந்தால் இந்த யோசனையை அங்கேயே கைவிடுவது நல்லது. அதில் எரிபொருள் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது; எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளியோ ஓரிரு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). புகைக்குழாயில் துகள் வடிகட்டி பொருத்திய வண்டிகளுக்கும் இது ஆகாது. முழுக்க இயந்திர விசையில் இயங்கும் பழைய எரிபொருள் பம்ப் கொண்ட எஞ்சினே இதற்கு ஏற்றது. அவற்றிலும், எஞ்சின் ஆயிலால் மசகு பெறும் இன்லைன் பம்ப் நின்று தாங்கும். எரிபொருளையே மசகாகக் கொள்ளும் ரோட்டரி பம்ப், ஆயிலில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு துகளையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். அமெரிக்க இராணுவத்தின் எம்35 வகை டிரக்குகளில் 1960-களில் வந்த பல்லெரிபொருள் எஞ்சின்கள், இப்படிப்பட்ட கலவைகளையும் ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. சாதாரண லாரி எஞ்சினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வடிகட்டிவிட்டால் ஆயில் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் பாதிதான் சரி. மிதக்கும் உலோகத் துகள், கரிக்கட்டி, கேஸ்கட் துணுக்கு ஆகியவற்றை ஃபில்டர் பிடிக்கும். ஆனால் எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பதற்கென்று சேர்க்கப்படும் துத்தநாகமும் பாஸ்பரசும், அழுக்கை அகற்றுவதற்கென்று சேர்க்கப்படும் கால்சியமும் எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்திருப்பவை. எந்தத் துணியிலும் தாளிலும் அவை நிற்பதில்லை. எரிந்தபின் அவை சாம்பலாக மாறி வால்விலும் பிஸ்டன் தலையிலும் இன்ஜெக்டரின் நாசில் நுனியிலும் டர்போவின் இதழ்களிலும் படிகின்றன. டீசலில் சாம்பல் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். எஞ்சின் ஆயிலிலோ அது ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும். அதாவது 100 லிட்டர் ஆயிலை எரித்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ சாம்பல் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு போய்விட்டாலும், மீதி எஞ்சினுக்குள்ளேதான் தங்கும். கலப்பு விகிதத்தைக் குறைவாக வைக்க வேண்டும் என்று இங்கே வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

சேகரிக்கும்போது, எந்த வண்டியிலிருந்து வடித்தது என்று தெரிந்த ஆயிலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப்பின் பொது டிரம்மில் கூலண்ட், பிரேக் ஆயில், பாகம் கழுவிய பெட்ரோல், கிரீஸ் நீக்கும் கரைப்பான் என்று எல்லாமே போய்ச் சேரும். இவற்றுள் கூலண்ட் மிக மோசமானது. அது ஆயிலோடு சேர்ந்து பிசின் போன்ற கசடாகி ஃபில்டரை அடைத்துவிடும். பழைய மின்மாற்றி எண்ணெயைக் கையாலும் தொடக்கூடாது, ஏனெனில் அதில் பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும். எஞ்சினில் ஓடிய ஆயிலிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருப்பதால், நைட்ரில் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

கொண்டுவந்த ஆயிலை உயரமான டிரம்மில் ஊற்றி, அசைக்காமல் இரண்டு மூன்று வாரம் தெளியவிட வேண்டும். வெப்பம் ஏற ஏற ஆயிலின் பிசுக்கு குறைவதால், வெயில்படும் இடத்தில் வண்டலும் நீரும் விரைவாக அடியில் இறங்கும். எடுக்கும் குழாய் டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். நீர் முற்றிலும் நீங்கியதா என்பதை எளிதாகச் சோதிக்கலாம்: தடித்த இரும்புத் தட்டை 130 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, அதில் ஒரு சொட்டு ஆயிலை விட வேண்டும். சொட்டு சத்தமின்றிப் பரவி லேசாகப் புகைந்தால் நீர் இல்லை. ஓரங்களில் நுண்குமிழி கிளம்பிச் சடசடவென்று வெடித்தால் இன்னும் தெளிய வேண்டும். நீர் கலந்த எரிபொருள் பம்பின் பிளஞ்சர் எனும் தள்ளு தண்டையும் நாசிலையும் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், இந்தச் சோதனையை ஒவ்வொரு டிரம்முக்கும் செய்வது நல்லது.

தெளிந்த ஆயிலை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினால் ஃபில்டரில் எளிதாக இறங்கும். நேரடி நெருப்பில் டிரம்மை வைப்பது உயிருக்கே ஆபத்து. மின் ஹீட்டரை ஆயிலுக்குள் முழுவதும் மூழ்கவைத்து, வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டும். அடியில் நீர் தேங்கியிருக்கும்போது 100 டிகிரியைத் தாண்டினால், அது ஒரே கணத்தில் ஆவியாகி மேலிருக்கும் கொதி எண்ணெயை வெளியே வாரியிறைக்கும். முதலில் 100 மைக்ரான் பை, பிறகு 25, அதன்பின் 5, கடைசியில் 1 மைக்ரான் என்று படிப்படியாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே நுண்ணிய பையில் ஊற்றினால், அரை வாளிக்குள் அது அடைத்துக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் ஆயில் கருப்பாகவே இருக்கும். புகைக்கரித் துகள்கள் 1 மைக்ரானை விடச் சிறியவை. அவற்றைக் குறைக்க, நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று, அந்த விசையால் துகளைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். செலவு கூடுதலானாலும், தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு ஃபில்டர்களை விட இதுவே மேலானது என்பது என் கருத்து.

இனி கலவை. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு), 15டபிள்யூ-40 என்ற எஞ்சின் ஆயில் வகையுடையது 100-க்கும் மேல். 3 சென்டிஸ்டோக்ஸ் டீசலில் 15 சதவீதம் ஆயில் கலந்தால் அது 4-ஐச் சற்றே தாண்டுகிறது. அதாவது டீசலுக்குரிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. 80 சதவீதம் கலந்தாலோ 35-ஐத் தாண்டிவிடும். நாசில் அதைப் பனியாகத் தூவ முடியாமல் தாரையாக ஊற்றும். எனவே 15 சதவீதத்தை மேல்வரம்பாகக் கொள்வதே என் பரிந்துரை. ஆயிலை இளக்குவதற்கு 10 முதல் 20 சதவீதம் பெட்ரோல் சேர்ப்பவர்கள் உண்டு. அது டேங்க்கில் தீப்பற்றக்கூடிய ஆவியை உண்டாக்கும் என்பதால், டீசலைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். அதிக விகிதத்தில்தான் ஓட்டுவேன் என்பவர்கள் இரண்டு டேங்க் முறைக்குப் போக வேண்டும்: டீசலில் ஸ்டார்ட் செய்து, கூலண்ட் சூட்டில் ஆயிலைக் காய்ச்சி, எஞ்சின் முழுச்சூடு பிடித்த பின் மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே டீசலுக்குத் திரும்ப வேண்டும். சாம்பல் சிக்கலை இம்முறையும் தீர்ப்பதில்லை.

லாரியில், வழக்கமான ஃபில்டருக்கு முன்னால் நீர் பிரிப்பானுடன் கூடிய இன்னொரு ஃபில்டரையும், இரண்டுக்கும் இடையில் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் ஒரு வெற்றிடமானியையும் பொருத்துங்கள். முள் ஏறத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால், எரியாத எரிபொருள் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது. உடனே தனி டீசலுக்குத் திரும்பி நாசிலைச் சோதனை மேடையில் காட்ட வேண்டும். ஐட்லிங்கில் நீடித்த வெண்புகையும் பளு ஏற்றும்போது வழக்கத்தை மீறிய கரும்புகையும் இதே எச்சரிக்கைதான்.

பல நாடுகளில் கழிவு ஆயில் அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்டு, பொதுச் சாலையில் அதை எரிப்பதற்குத் தடையோ வரியோ விதிக்கப்பட்டிருப்பதால், உங்கள் இடத்துச் சட்டத்தைத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்மின் அடியில் மிஞ்சும் கசட்டையும் ஊறிய ஃபில்டர் பைகளையும் மூடியுள்ள கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும்.