உப்புக்காத்துல கம்ப்யூட்டர் வச்சுப் பொழைக்கிறது எப்படி

கம்ப்யூட்டர் வாங்கக் கெளம்புறதுக்கு முன்னாடி உங்க வீட்டு ஜன்னல் கம்பிய ஒரு தடவ பாருங்க. பெயிண்ட் அடிச்ச ஒரே வருஷத்துல கொப்புளம் கெளம்பி செவப்பா உதிருதுன்னா, யூடியூப்ல பெங்களூர்க்காரரும் டெல்லிக்காரரும் சொல்ற லிஸ்ட்ட அப்படியே தூக்கிட்டுப்போயி வாங்காதீங்க, அது அவுங்க ஊருக்கு சரியா இருக்கும். நான் ராமேஸ்வரம் தீவுல இருக்க தங்கச்சிமடத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன். எங்கிட்ட வர்றதுல பாதி வைரஸும் கிடையாது, சாஃப்ட்வேர் கோளாறும் கிடையாது, உப்புதான்.

சாப்பாட்டு உப்ப மூடாம வச்சா ஐப்பசி கார்த்திகைல கசிஞ்சு தண்ணியா நிக்குதுல்ல, அதே கதைதான் கம்ப்யூட்டருக்குள்ள இருக்க மெயின் போர்டு, அதான் மதர்போர்டு, அது மேலயும் நடக்குது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா உப்பு தானா ஈரத்த இழுத்துக் கரைய ஆரம்பிச்சிரும், கடல் உப்புல மக்னீசியம் வேற கலந்திருக்கதால அதுக்கும் முன்னாடியே கசியும். நம்ம கரைல ராத்திரிக்கு ராத்திரி இந்த அளவுக்கு ஈரம் சாதாரணமா வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புத்தண்ணி மேல கரண்டும் ஓடுனா செம்பு பச்சையாப் பூக்கும், சிப்போட கால் கால் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஷார்ட் ஆகும். பாம்பன் பாலம் 1914ல தெறந்ததுல இருந்து பெயிண்ட் அடிக்கிறதே ஒரு தனி வேலையா நடந்துச்சு, 2025ல தெறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு ஸ்பெஷல் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பாலத்துக்கே அந்தப் பாடுன்னா தகர டப்பாக்குள்ள இருக்க போர்டுக்கு என்ன கதின்னு பாத்துக்கங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, தெனம் ஓடுற கம்ப்யூட்டர் இங்க நல்லா இருக்கு, பூட்டி வச்சதுதான் சாகுது. கீழக்கரைல ஒரு லாத்தா (அக்கான்னு அர்த்தம்) குடும்பத்தோட துபாய்ல மகன் வீட்டுக்குப் போயிட்டு 4 மாசம் கழிச்சு வந்தாங்க, வந்த அன்னைக்கே போனு, "தம்பி, நாங்க தொடவே இல்லப்பா, கவர் போட்டு மூடி வச்சிட்டுத்தான் போனோம், இப்ப கத்துது"ன்னு. கவர் போட்டதுதான் தப்பே. பிளாஸ்டிக் கவருக்குள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளிய போக வழியில்லாம உள்ளயே வேலையக் காட்டிருச்சு, ஸ்விட்ச் போர்டுலயும் ஆஃப் பண்ணாம போயிருந்தாங்க. கம்ப்யூட்டர ஷட்டவுன் பண்ணுனாலும் பிளக் ஆன்ல இருந்தா 5 வோல்ட் உள்ள இருந்துகிட்டேதான் இருக்கும், ஈரமும் உப்பும் இருக்க எடத்துல அந்த 5 வோல்டே போதும் அரிக்கிறதுக்கு. ஓடுற கம்ப்யூட்டர்ல உள்சூட்டுக்கு ஈரம் அண்டாது. அதனால தெனம் ஒரு அரை மணி நேரமாவது போடுங்க, வேலை முடிஞ்சா செவுத்து ஸ்விட்ச்ச அமத்துங்க, சூடு ஆறுனப்புறம் ஒரு காட்டன் துண்ட மேல போடுங்க, போதும்.

சரி, வாங்குற கதைக்கு வருவோம். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? ஊர் ஊராப் போற ஆளு, காலேஜ் புள்ளைன்னா லேப்டாப்தான், அதுல பேச்சே இல்ல. வீட்டுல ஒரே எடத்துல வைக்கணும், கடல் ரெண்டு தெரு தள்ளி இருக்குன்னா நான் டெஸ்க்டாப்தான் சொல்லுவேன், ஏன்னா அரிச்ச பார்ட்ட மட்டும் கழட்டி மாத்திக்கலாம், லேப்டாப்ல எல்லாம் ஒரே போர்டுல ஒட்டிக்கெடக்கும், ஒரு ஓரம் போச்சுன்னா போர்டே போச்சு. வாங்கும்போதே சர்வீஸ் சென்டர் எங்கன்னு கேளுங்க, ராம்நாட்டுலயா இல்ல மதுரைக்குத் தூக்கிட்டு அலையணுமா, ஆள் வீட்டுக்கு வருவாரா நாம கொண்டு போகணுமான்னு. வாரண்டி பேப்பர்ல அரிப்பு, ஈரம் பத்தி என்ன போட்டிருக்குன்னும் படிங்க. என் சொந்த லேப்டாப்ப ஒரு கம்பெனி சர்வீஸ்ல குடுத்தேன், போர்டு ஓரத்துல கடுகளவு பச்சையப் பாத்துட்டு "தண்ணி பட்டிருக்கு சார், வாரண்டி கிடையாது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. தண்ணி படல, எங்க ஊரு காத்துதான் பட்டுச்சுன்னு சொன்னேன், அந்தப் பையன் சிரிச்சான், அம்புட்டுதான்.

கேபினெட்டுல, அதான் பார்ட்டெல்லாம் உள்ள வைக்கிற பெட்டில, ஏமாந்துராதீங்க. முன்னாடி பூரா வலை, கலர் கலரா லைட்டு, 6 ஃபேன்னு விக்கிறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்ம ஊருல ஒவ்வொரு ஃபேனும் உப்ப உள்ள இழுக்குற பம்புன்னு வச்சுக்கங்க. கேம் விளையாட பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடலன்னா உள்ள இழுக்க ஒண்ணு, வெளிய தள்ள ஒண்ணு, 2 ஃபேன் தாராளம். இழுக்குற பக்கம் கழட்டிக் கழுவுற மாதிரி ஃபில்டர் இருக்கணும். டிஸ்க்கு எஸ்எஸ்டிதான், அதாவது உள்ள சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்குல அடிப்பக்கம் போர்டு தெறந்தே கெடக்கும், அதோட கான்டாக்ட் கருத்துப்போயி டிஸ்க்கே தெரியாமப் போனதெல்லாம் நெறைய பாத்துட்டேன். ரேம்னு சொல்ற மெமரியோட விலை 2025 கடைசில இருந்து தாறுமாறா ஏறிக்கெடக்கு, அதனால இப்போதைக்கு 8 ஜிபி ஒண்ணு போட்டுட்டு இன்னொரு ஸ்லாட்ட காலியா விட்டு வாங்குங்க, பின்னாடி போட்டுக்கலாம். ஆனா காலி ஸ்லாட்டு மேல ஒரு மூடி கெடச்சா போட்டு வைங்க.

ஆபீஸ்ல கழிச்ச பழைய கம்ப்யூட்டர் சல்லிசா வருதுன்னு நெறைய பேரு வாங்கிட்டு வர்றாங்க. வாங்கலாம், தப்பில்ல, ஆனா ஒண்ணு, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல் பிராசசர்னா 8வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும். கடைக்காரரு "ஐ5 சார், ஐ5"ன்னு அதையே சொல்லுவாரு, எத்தனாவது தலைமுறை ஐ5னு கேளுங்க, அதுதான் கேள்வி. 4, 6னு சொன்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்க மனசிருந்தா மட்டும் வாங்குங்க.

கரண்டு விஷயத்துல காசு பாக்காதீங்க. கேபினெட்டோட சேத்தே தர்ற பேரு ஊரு தெரியாத எஸ்எம்பிஎஸ் (செவுத்துக் கரண்ட மாத்தி உள்ள இருக்க பார்ட்டுகளுக்குக் குடுக்குற பெட்டி) வேண்டாம், அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிட்டுத்தான் போகும். யூபிஎஸ், அதான் கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் தாங்குற பேட்டரி பெட்டி, கண்டிப்பா வேணும். 600 விஏன்னு போட்டிருந்தா பெரும்பாலும் 360 வாட்டுதான் தாங்கும், ஃபைல சேவ் பண்ணிட்டு ஒழுங்கா ஆஃப் பண்றதுக்கு, படம் பாக்குறதுக்கு இல்ல. உள்ள இருக்க பேட்டரி 2, 3 வருஷம்தான் வரும். வெயில் காலம் முடிஞ்சு மொத தூத்தல் விழுந்ததும் நம்ம பக்கம் கரண்டு படபடன்னு போயிட்டு வரும் பாருங்க, கம்பத்துப் பீங்கான் மேல மாசக்கணக்கா படிஞ்ச உப்பு லேசா நனைஞ்சதும் அது வழியா கரண்டு பாஞ்சு ட்ரிப் ஆகுறதும் அதுக்கு ஒரு காரணம். அந்த நேரத்துல யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

எர்த்து பத்தி யாரும் பேசுறதில்ல. கேபினெட்ட தொட்டா கையில ஜிவ்வுன்னு ஏறுதா? கம்ப்யூட்டர் ரிப்பேர்னு எங்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, எலக்ட்ரீஷியன கூப்புடுங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள வடிகட்டுற கெபாசிட்டர் வழியா கொஞ்சூண்டு கரண்டு பாடிக்கு வரும், அது எர்த்துல எறங்கிரணும், எர்த்து இல்லன்னா உங்க கை வழியா எறங்கப் பாக்கும். நம்மது மணல் தரை, மேல காஞ்சு கெடக்கும், புதைச்ச பைப்பையும் உப்பு தின்னுரும், வீடு கட்டுனப்ப போட்ட எர்த்து இப்ப இருக்குன்னு நம்பாதீங்க. மீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கத்துல காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்டுக்குள்ள இருக்கணும்.

வைக்கிற எடம்: கடல பாத்த ஜன்னலுக்கு நேரா வேண்டாம், தரையிலயும் வேண்டாம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மணலும் சேந்து வரும், அப்ப ஜன்னல சாத்துங்க. ஏசி ரூம்ல இருந்து லேப்டாப்ப எடுத்துட்டு நேரா திண்ணைல வந்து தெறக்காதீங்க, ஐஸ் தண்ணி டம்ளர் வேக்குற மாதிரி உள்ள வேத்திரும், ஒரு அரை மணி நேரம் பைக்குள்ளயே இருக்கட்டும்.

சுத்தம் பண்றதுக்கு நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டையெல்லாம் கரையேத்தி சொரண்டி பெயிண்ட் அடிப்பாங்கல்ல, அப்பவே கம்ப்யூட்டரையும் தெறங்க. இன்னொரு தடவ புரட்டாசி கடைசில, வாடைக்காத்து தொடங்குறதுக்குள்ள. பிளக்க உருவிட்டு பவர் பட்டன 10 செகண்டு அமுக்கிப் புடிங்க, மிச்சம் இருக்க கரண்டு எறங்கிரும். வெளிய வராண்டாவுக்கு கொண்டு வந்து, காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால மெல்ல தட்டி விடுங்க. புளோயர் அடிச்சா ஃபேன விரலால புடிச்சுக்கிட்டு அடிங்க, ஃபேன் கிறுகிறுன்னு சுத்துனா பேரிங் கெட்டுரும். ஈரத்துணி கிட்டயே வரக்கூடாது.

ரேம கழட்டுனா தங்கக் கலர்ல பல்லு பல்லா வரிசையா இருக்கும், கடலோர வீட்டு ரேம்ல அந்தப் பல்லு மேல மங்கலா ஒரு படலம், ஓரத்துல பச்சைப் பொட்டு, சில நேரம் ரெண்டு பல்லுக்கு நடுவுல வெள்ளையா பொரிஞ்சு நிக்கும். ஸ்கூல் புள்ளைக யூஸ் பண்ற சாதா வெள்ளை ரப்பரால ஒரே பக்கமா தேய்ங்க, ரப்பர் தூள் கருப்பா உருண்டு வரும், அது பூரா அழுக்கு. தூளத் தட்டிட்டு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால பஞ்சுல தொட்டுத் தொடச்சு காய விடுங்க. சானிடைசர் ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு. மண்டபம் ஊர்ல ஒரு அண்ணே உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு வந்தாரு, "என்னண்ணே, உப்ப எடுக்க உப்புத்தாளா?"ன்னு கேட்டேன். மேல இருந்த தங்கப்பூச்சு பூரா போயி செம்பு பல்ல இளிக்குது, அது இனி தேறாது. மீன்பிடி போட்டு இன்ஜின் பழக்கத்துல யூஎஸ்பி ஓட்டைக்குள்ள கிரீஸ் தடவி வச்ச ஆளும் உண்டு, அவர் பேரு சொல்ல மாட்டேன், சொந்தக்காரரு.

இப்ப கோளாறு. பட்டன அமுக்குனா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல, இல்லன்னா பீப் பீப்னு கத்துது. பதறாதீங்க. மொதல்ல மானிட்டர் கேபிள் ரெண்டு பக்கமும் உருவி மாட்டுங்க. அப்புறம் ரேம மேல சொன்ன மாதிரி தொடச்சு, ரெண்டு இருந்தா ஒண்ணே ஒண்ண மட்டும் போட்டுப் பாருங்க, வரலன்னா அடுத்த ஸ்லாட்டு, வரலன்னா அடுத்த ரேமு. ரேமு கிளிக்குனு ரெண்டு பக்கமும் உக்காரணும், பயந்து பயந்து அமுக்குனா உக்காராது. கீழக்கரை லாத்தா வீட்டுலயும் இதேதான், ரப்பர் போட்டுத் தேச்சு 10 நிமிஷத்துல வந்துருச்சு, அவுங்க குடுத்த தொதல் இனிப்பு ரெண்டு நாளைக்கு வந்துச்சு.

பட்டன அமுக்குனா உயிரே இல்லன்னா யூபிஎஸ்ஸ விட்டுட்டு நேரா செவுத்துல சொருகிப் பாருங்க, ஓடுச்சுன்னா கோளாறு யூபிஎஸ்லதான். எஸ்எம்பிஎஸ் பின்னாடி குட்டி ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும், வீடு பெருக்கும்போது கை பட்டு ஆஃப் ஆகிக் கெடக்கும், இதுக்கே 200 ரூவா குடுத்து ஆட்டோ புடிச்சு வர்றாங்க.

எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் பாதுகாப்பு இல்லன்னு சொல்லுதா? கீழ மூலைல தேதியப் பாருங்க. பழைய வருஷம் காட்டுனா போர்டுல இருக்க சிஆர்2032 பட்டன் செல்லு தீந்துருச்சு, மாத்திட்டு தேதிய சரி பண்ணுனா போதும், ஃபார்மட்டெல்லாம் வேண்டாம். மத்தியானம் மட்டும் தானா ஆஃப் ஆகுதுன்னா சூடு, ஃபேன்ல தூசி பாருங்க, பிராசசர் மேல சூட்டக் கடத்துறதுக்குத் தடவுன பேஸ்டும் காஞ்சிருக்கலாம். நெட்டு வந்து வந்து போகுதுன்னா லேன் கேபிள் முனைய வெளிச்சத்துல பாருங்க, உள்ள இருக்க உலோகப் பல்லு பச்சையா இருந்தா முனைய வெட்டிட்டு புதுசு அடிக்கணும். இடி இடிக்கும்போது பவர் பிளக்கோட லேன் வயரையும் உருவுங்க, ஃபைபர்ல மின்னல் வராது, ஆனா நெட்டுக்கு வச்சிருக்க ஃபைபர் மோடம் டப்பாவோட அடாப்டர் வழியா வந்து லேன் வயர்ல எறங்கும்.

கடல் தண்ணியே பட்டுருச்சுன்னா ஆன் பண்ணிப் பாக்குற ஆசைய விட்டுருங்க. அரிசிப் பானைக்குள்ளயும் வைக்காதீங்க, அரிசி உப்ப எடுக்காது. பேட்டரி கழட்ட முடிஞ்சா கழட்டிட்டு அன்னைக்கே தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க, டிஸ்டில்டு வாட்டர்ல போர்ட அலசி ஆல்கஹால்ல கழுவி காய வைக்கணும், ஒரு நாள் தள்ளுனாலும் பச்சை பூத்துரும்.

எம்புட்டு பாத்தாலும் ஒரு நாள் போகத்தான் செய்யும், அதனால கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், புள்ளைக சர்டிபிகேட் எல்லாம் ரெண்டு எடத்துல இருக்கணும். எஸ்எஸ்டில காப்பி போட்டு வருஷக்கணக்கா கரண்டு குடுக்காம வைக்காதீங்க, டேட்டா அழிய வாய்ப்பிருக்கு, அதுக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குதான் லாயக்கு. என்னோடத ராம்நாட்டுல அக்கா வீட்டு அலமாரில, இறுக்கி மூடுற முறுக்கு டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டு 4 போட்டு வச்சிருக்கேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போயி எடுத்து காப்பி பண்ணிட்டு வருவேன். டப்பா மேல "முறுக்கு இல்ல"ன்னு எழுதி ஒட்டியும் அக்கா மகன் இதுவரைக்கும் மூணு தடவ தெறந்து பாத்துட்டான்.