மைக்ரோமீட்டர் அளவிலான இடத்தில் படியும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் முறை

செல் உட்கருவை ஒத்த சிறிய இடத்தில் ஒரு துகள் விட்டுச்செல்லும் ஆற்றலை நேரடியாக அளக்க இயலாது என்பதால், அதே ஆற்றலைப் படியவிடும் அளவுக்கு அடர்த்தி குறைந்த வாயுவை, கையில் எடுக்கக்கூடிய பெரிய குழியில் நிரப்பி அளக்கிறோம். இதற்கான கருவி, 1950களில் ஹரால்ட் ரோசி உருவாக்கிய திசுநிகர் விகிதசம எண்ணி: சுவரும் வாயுவும் கதிர்வீச்சுக்கு உடல் திசுவைப் போல நடந்துகொள்ளும்; படியும் ஆற்றலுக்கு விகிதசமமான உயரமுள்ள மின்துடிப்பு கிடைக்கும்.

12.7 மி.மீ. விட்டமுள்ள கோளக் குழி 1 மைக்ரோமீட்டர் திசுவைப் போல நடந்துகொள்ள, புரொப்பேன் கலந்த திசுநிகர் வாயுவை அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 4.4 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு முன் குழியை நன்றாக வெற்றிடமாக்குங்கள். பிளாஸ்டிக் சுவரிலிருந்து கசியும் வாயு, குழிக்குள் எலக்ட்ரான்கள் பல மடங்காகும் பெருக்கத்தை மெல்ல மாற்றிவிடும்.

அடுத்து அளவுத்திருத்தம். உள்ளே பொருத்திய ஆல்ஃபா மூலத்தின் துகள் குழியைக் கடக்கையில் இழக்கும் ஆற்றலை அட்டவணையிலிருந்து கணக்கிட்டு, துடிப்பு உயரத்தோடு பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்வின் ஆற்றலையும் சராசரி நாண் நீளத்தால் (கோளத்தைத் துகள் நேர்கோட்டில் கடக்கும் சராசரித் தொலைவு), அதாவது 1 மைக்ரோமீட்டர் என்ற திசு விட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கால், வகுக்க வேண்டும்: 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் படிந்தால் மதிப்பு மைக்ரோமீட்டருக்கு 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.

துடிப்புகளின் வீச்சு பல மடங்கு விரிவதால், வெவ்வேறு பெருக்கமுள்ள இரண்டு அல்லது மூன்று மின்னணுப் பெருக்கிகளை இணையாக இயக்கி, அவை தரும் நிறமாலைகளை (எந்த உயரத்தில் எத்தனை துடிப்புகள் என்ற பரவலை) ஒட்டிச் சேர்ப்பதே நடைமுறை. எண்ணிக்கை வீதத்தைக் குறைவாகவே வைத்திருங்கள். இரு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், இல்லாத பெரிய நிகழ்வு ஒன்று பதிவாகும்.