எக்ஸ்எம்எல்-ல ஐடி நம்பரை வரிசையா மாத்துறது எப்படி, ரெஃபரன்ஸ் ஒண்ணுகூட தப்பாம

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் நம்ம ஆளுங்க பேசுற தமிழ்ச் சொல்லுகளை ஒரு எக்ஸ்எம்எல் (தகவலை டேக் போட்டு வகைப்படுத்தி வெக்கிற முறை) ஃபைல்ல சேர்த்துட்டு வர்றோம்ங்க. சித்தூர் தாலுகா இருக்கிறது கேரளாவுல, ஆனா வீட்டுல தோட்டத்துல பேசுறது கொங்குத் தமிழ், அதுல மலையாளமும் கலந்து வரும், அதனால வாரா வாரம் யாராச்சும் ஒரு புதுச் சொல்லை நடுவுல சொருகுறாங்க, ஒண்ணை எடுக்கறாங்க. கடைசில பார்த்தா ஒவ்வொரு சொல்லுக்கும் குடுத்த ஐடி நம்பர் ப6-க்கு அப்புறம் ப112, அதுக்கப்புறம் ப7அ. இதை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் ஃபைலை மாத்தி எழுதுறதுக்கான மொழி) வெச்சு ஒரே ஓட்டத்துல சரி பண்ணிக்கலாம், கையால தொடவே வேண்டாம்.

ஃபைல் இப்படி இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு பதிவும் <சொல் எண்="ப112">, அதுக்குள்ள வேற பதிவைக் காட்டுறதுக்கு <காண்க இலக்கு="ப6"/>. டேக் பேரைத் தமிழ்ல வெக்கலாமான்னு கேப்பாங்க, தாராளமா வெக்கலாம், 1998-ல வந்த எக்ஸ்எம்எல் 1.0-லயே தமிழ் எழுத்துக்கு இடம் இருக்கு. நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து எதுக்குன்னா, ஐடி டைப்பா அறிவிச்ச ஆட்ரிப்யூட்டோட (டேக்குக்குள்ள வர்ற எண், இலக்கு மாதிரி பண்பு) மதிப்பு இலக்கத்துல ஆரம்பிக்கக் கூடாது.

முதல்ல ஐடென்டிட்டி டெம்ப்ளேட். டெம்ப்ளேட்னா எது வந்தா என்ன பண்ணணும்னு சொல்ற விதி. எல்லா ஆட்ரிப்யூட்டையும் எல்லா நோடையும் (டேக், டெக்ஸ்ட் மாதிரி ஃபைல்ல இருக்கிற ஒவ்வொரு துண்டும்) மேட்ச் பண்ணி, காப்பி பண்ணி, உள்ள இருக்கிறதுக்கும் அதையே அப்ளை பண்ற டெம்ப்ளேட்தான் அது. இது இருந்தா நீங்க தொடாத எதுவும் அப்படியே வெளிய வந்துரும், அதுக்கு மேல மாத்த வேண்டியதுக்கு மட்டும் தனி டெம்ப்ளேட் எழுதினாப் போதும்.

இனி நம்பர். மத்த ப்ரோகிராமிங் பழகினவங்க கவுண்டர் வேரியபிள் ஒண்ணு வெச்சு ஒண்ணு ஒண்ணாக் கூட்டப் பார்ப்பாங்க, எக்ஸ்எஸ்எல்டி-ல வேரியபிளுக்கு ஒருதடவை மதிப்பு குடுத்தா அவ்வளவுதான், மாத்த முடியாது. அடுத்து எத்தனாவது நோடுன்னு சொல்ற பொசிஷன் ஃபங்ஷனுக்குப் போவாங்க, அதுவும் சரிப்படாது, ஏன்னா ரெண்டு டேக்குக்கு நடுவுல இருக்கிற வெத்து இடமும் ஒரு டெக்ஸ்ட் நோடுதான், அதையும் சேர்த்து எண்ணி 2, 4, 6-ன்னு தாவித் தாவிப் போகும். சரியான கருவி எக்ஸ்எஸ்எல் நம்பர். அதுல கவுன்ட்டுக்கு சொல், ஃபார்மேட்டுக்கு 0001, லெவலுக்கு எனி-ன்னு குடுங்க. லெவலை விட்டுட்டா அது சிங்கிள்னு எடுத்துக்கும், அப்ப எழுத்து வாரியாத் தனித்தனி டேக்ல பிரிச்சு வெச்சிருந்தா அ வரிசை முடிஞ்சு ஆ வரிசை ஆரம்பிக்கிறப்ப மறுபடி 1-ல இருந்து எண்ணும், ஒரே நம்பர் ரெண்டு பதிவுக்கு விழுந்துரும்.

இதுவரைக்கும் சுலபம். உண்மையான வேலை ரெஃபரன்ஸ்லதான் இருக்குங்க. 'கள்ளு' பதிவுல 'காண்க: பாளை'ன்னு ப6-ஐக் காட்டியிருக்கோம், நம்பரை மட்டும் மாத்திட்டு இலக்கை விட்டுட்டா அது வேற ஏதோ சொல்லைக் காட்டும், எர்ரர் எதுவும் வராது, படிக்கிறவங்க அதை நம்பிருவாங்க. இத்தனை பேரு பாட்டி தாத்தாகிட்ட கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொல்லு, அது தப்பான இடத்தைக் காட்டக் கூடாது.

அதனால நம்பர் கணக்கு ஒரே இடத்துல இருக்கட்டும். ப-வும் எக்ஸ்எஸ்எல் நம்பரும் சேர்ந்த ஒரு பேர் வெச்ச டெம்ப்ளேட் எழுதுங்க. மேல ஒரு எக்ஸ்எஸ்எல் கீ (மதிப்பை வெச்சுப் பதிவைத் தேடுற அட்டவணை) வைங்க, மேட்ச் சொல், யூஸ் @எண் (@-ன்னா ஆட்ரிப்யூட்). அப்புறம் ரெண்டு டெம்ப்ளேட். @எண்-க்கு உள்ளது ஃபார்-ஈச் வெச்சு ஒரு படி மேல, அதாவது .. போட்டு, சொல் எலிமென்ட்டுக்குப் போய் அந்த டெம்ப்ளேட்டைக் கூப்பிடணும். @இலக்கு-க்கு உள்ளது கீ மூலமா பழைய நம்பர் எந்தப் பதிவுன்னு தேடி, அந்தப் பதிவுல நின்னு அதே டெம்ப்ளேட்டைக் கூப்பிடணும். ரெண்டும் ஒரே கணக்குங்கறதால ஒண்ணுக்கொண்ணு மாறவே மாறாது. கீ-க்குப் பின்னாடி [1] போட மறந்துராதீங்க, பழைய ஃபைல்ல ஒரே எண் ரெண்டு தடவை இருந்தா ரெண்டு நம்பரும் ஒட்டிக்கிட்டு வரும். [1] போட்டாலும் எதைச் சொன்னாங்கன்னு ஆள்தான் பார்த்துச் சொல்லணும், அதனால ரெட்டை எண்ணை முன்னாடியே தேடித் தீர்த்துருங்க.

கீ ஒண்ணுமே கண்டுபிடிக்கலைன்னா? அழிச்ச பதிவைக் காட்டுற ரெஃபரன்ஸ் அது. பழைய மதிப்பை அப்படியே விடவே கூடாது, ஏன்னா பழைய ப0045 செத்துப் போயிருக்கும், புது வரிசைல இன்னொரு ப0045 பொறந்திருக்கும், செத்த ரெஃபரன்ஸ் அதுல போய் ஒட்டிக்கும். சூஸ் (இப்படின்னா இது, இல்லைன்னா அதுன்னு பிரிக்கிறது) வெச்சு முன்னாடி 'காணோம்-'னு சேர்த்து எழுதுங்க, ஓட்டுறப்ப செய்தி காட்டுற எக்ஸ்எஸ்எல் மெசேஜ்லயும் ஒரு வரி விடுங்க.

தமிழுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. முன்னெழுத்தா 'சொ' மாதிரி வெச்சா, ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியாவும் அடிக்கலாம், ஒத்தைக் கொம்பும் காலுமா ரெண்டாவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கீ-க்கு வேற வேற. அதனாலதான் நாங்க வெறும் ப வெச்சோம். ஏற்கெனவே கலந்து கிடந்தா எக்ஸ்எஸ்எல்டி 2.0-ல இருக்கிற, ரெண்டையும் ஒரே வடிவமா மாத்துற நார்மலைஸ்-யூனிகோட் ஃபங்ஷனை கீ-லயும் தேடுற இடத்துலயும், ரெண்டு பக்கமும் போட்டுக்கங்க.

ஓட்டுறதுக்கு எக்ஸ்எஸ்எல்டிப்ராக்-ங்கற ப்ரோகிராம் போதும், அது எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும்தான் தெரிஞ்சது, மேல சொன்ன நார்மலைஸ் தவிர எல்லாம் அதுலயே ஓடும். 2.0, 3.0 வேணும்னா சாக்ஸன் ஹெச்இ, இலவசம். அவுட்புட்டை வேற ஃபைலுக்கு அனுப்புங்க, மூலத்து மேலயே எழுதாதீங்க. டாக்டைப் வரி (ஃபைலோட அமைப்பு விதியை மேல சொல்ற வரி) தானா வராது, எக்ஸ்எஸ்எல் அவுட்புட்ல குடுக்கணும், சிடேட்டா பகுதியும் (டேக்காப் படிக்காம அப்படியே எடுத்துக்கற டெக்ஸ்ட்) சாதா டெக்ஸ்டா மாறிரும். நம்பர் சரியா மாறாம வந்தா நேம்ஸ்பேஸைப் (டேக் பேரு எந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுன்னு சொல்ற அடையாளம்) பாருங்க, மூலத்துல டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் இருந்தா வெறும் சொல்-ன்னு எழுதினா மேட்ச் ஆகாது, ப்ரிஃபிக்ஸ் வேணும்.

சரியா வந்துச்சான்னு பார்க்க, வந்த ஃபைலையே திரும்ப உள்ள விட்டு ஓட்டி டிஃப் (ரெண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசம்) எடுங்க. 'காணோம்-' இருக்கிற வரியைத் தவிர ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. அப்புறம் சில பதிவுல சொல்லைப் பார்த்தே ரெஃபரன்ஸைச் சரிபாருங்க, கள்ளுல இருந்து பாளைக்குப் போகுதான்னு. பதிவு பல ஆயிரம் தாண்டுனா லெவல் எனி ஒவ்வொரு தடவையும் பின்னாடி போய் எண்ணறதால இழுக்கலாம், அப்ப 2017-ல வந்த 3.0-ல இருக்கிற, படிக்கப் படிக்கவே எண்ணி வெச்சுக்கற அக்யூமுலேட்டருக்கு மாத்திக்கங்க, மேல அக்யூமுலேட்டர் அறிவிப்பைச் சேர்த்தா, மத்த டெம்ப்ளேட் எதையும் தொட வேண்டியதில்ல, அந்தப் பேர் வெச்ச டெம்ப்ளேட் உள்ளதான் மாறும்.