‘நாடாளுமன்றத்தில் இந்த வாரம்’ எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் எம்.பி., சபையில் அந்த வாரம் என்ன நடந்தது என்று ‘நாடாளுமன்றத்தில் இந்த வாரம்’ என்ற அறிக்கையில் தொகுதிக்குச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் இதை இப்போது பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் தயார் செய்தால், சனிக்கிழமை காலையில் வட்டச் செயலாளர்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் போய் நிற்கும். பல வருஷமாக இதே வேலையில் இருப்பதால் சிலர் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார்கள். எழுத்துப்பிழை, தேதிப்பிழையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். எங்கள் காலத்து அறிக்கைகளில் இருந்த அதே ஓட்டைகள் இவர்களுடையதிலும் வருவதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுத்துப்பூர்வ பதிலுக்கு ‘திணறடித்தார்’ என்று தலைப்புப் போடுவது

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அதாவது அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டியவை, பட்டியலில் வரும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால் அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். மற்றபடி 230 வரை நட்சத்திரமில்லாத கேள்விகள். அவற்றுக்குத் தாளில்தான் பதில், துணைக்கேள்வி கிடையாது. அதைப் போய் ‘கேள்விக்கணைகளால் அமைச்சரைத் திணறடித்தார்’ என்று எழுதினால், ஆளுங்கட்சிக்காரர் வீடியோவைக் காட்டு என்று கேட்பார், நம் ஆள் முழிப்பார். பதிலில் என்ன தகவல் வந்தது என்று எழுதுங்கள். அதுவே போதும்.

மதிப்பீட்டை ‘ஒதுக்கீடு’ என்று எழுதுவது

தோப்பூர் எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 1,264 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது. அதில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா தரும் கடன், அதற்கான ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. முதல் மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கினார்கள். இத்தனையும் இருக்க, ‘எய்ம்ஸுக்கு 1,977 கோடி ஒதுக்கீடு’ என்று நம் பிள்ளையே எழுதிவிட்டால் அப்புறம் நாம் எதை வைத்துச் சண்டை போடுவது? மதிப்பீடு, ஒப்புதல், ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு என்று ஐந்து கட்டம் இருக்கிறது. அமைச்சகத்தின் பதில் எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள்.

அமளியை எழுதிவிட்டு மசோதாவை விட்டுவிடுவது

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2023 ஜூலை கடைசி வாரம். மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் சபையில் பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் போராடிக்கொண்டிருந்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கான நோட்டீஸை சபாநாயகர் ஏற்றது ஜூலை 26. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத் திருத்த மசோதா அறிமுகமானதும் அதே நாள். இரண்டே நாளில், ஜூலை 28 அன்று, கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மக்களவையில் நிறைவேறியது. ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையிலும் முடிந்தது. முக்கியக் கனிமங்கள் என்று 24 கனிமங்களைப் பட்டியலிட்டு, அதுவரை மாநில அரசுகள் நடத்திவந்த ஏலத்தை அவற்றுக்கு மட்டும் மத்திய அரசின் கைக்கு மாற்றிய சட்டம் அது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டன் இருந்தது.

அடுத்த வருஷம் நவம்பரில், மேலூர் தாலுகாவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி (ஏலத்துக்கு விடும் சுரங்கப் பகுதி) என்று பெயர் வைத்து 2,015.51 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 5,000 ஏக்கர், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அரிட்டாபட்டி அதற்குள் வருகிறது. சமணத் துறவிகளின் கல்படுக்கையும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற ஊர், 2022-இல்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

அந்த டிசம்பரில் ஏ.வல்லாளபட்டிப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் எங்கள் பையன் ஒருவன் சுரங்கத்தை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஒருத்தர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “ஏப்பா தம்பி, இந்தச் சட்டம் போன வருஷமே வந்துருச்சுன்னு போட்டிருக்கீகளே, அப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?” என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த வாரத்து அறிக்கை ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம். யார் பதாகை பிடித்தார்கள், எத்தனை மணிக்கு ஒத்திவைத்தார்கள், யார் என்ன கோஷம் போட்டார்கள் எல்லாம் இருந்தது. கனிமம் என்ற சொல்லே இல்லை.

மணிப்பூருக்காகச் சபையை நிறுத்தியது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சத்தத்தில் அரசு எதை நிறைவேற்றிக்கொண்டு போனது என்று ஊருக்குச் சொல்ல எதிர்க்கட்சியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மேலூர் ஜனங்கள் தாங்களாகவே எழுந்து, 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்தே வந்தார்கள், அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது. அவர்கள் ஜெயித்ததால் நம் அறிக்கையில் இருந்த ஓட்டை அடைபட்டுவிடாது. 2023 ஆகஸ்டிலேயே ‘மாநிலத்திடம் இருந்த ஏல அதிகாரம் போகிறது, பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது’ என்று இரண்டு வரி போயிருந்தால், நம் பக்கம் எங்கே டங்ஸ்டன் இருக்கிறது என்று கேட்க ஒருவருக்காவது தோன்றியிருக்கும். ஒன்றேகால் வருஷம் கையில் இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்து அரசு அலுவல்களை நாடாளுமன்ற விவகாரத்துறை அமைச்சர் முந்தின வாரக் கடைசியில் சபையிலேயே அறிவிப்பார். தினசரி அலுவல் பட்டியலும் மசோதாக்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. மசோதாவைத் திறந்தால் ‘நோக்கங்களும் காரணங்களும்’ பகுதியோடு மூடிவிடாதீர்கள், அது அரசு தன் வாயால் சொல்லும் காரணம். எந்த அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பிரிவுகளில் தேடுங்கள், அட்டவணையை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை பெரிய அமளி நடந்த வாரமாக இருந்தாலும் அறிக்கையின் முதல் பத்தி ‘இந்த வாரம் நிறைவேறியவை’ என்றே இருக்கட்டும். போராட்டத்தை அதற்குக் கீழே எழுதுங்கள்.

‘எதிர்த்து வாக்களித்தோம்’

குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் பதிவாகாது. டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு, கேட்டு, அது நடந்திருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள்.

நீக்கிய வார்த்தையைப் பரப்புவது

சபாநாயகர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சை வெளியிட்டால் சபையின் உரிமையை மீறியதாக உரிமை மீறல் பிரச்சினை வரும். வீடியோவை வெட்டிப் போடும் முன் மாலை வரை பொறுத்து, நீக்கியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: சபைக்குள் பேசியதற்கு எம்.பி. மீது வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு காப்பாற்றும். அதே குற்றச்சாட்டை அவரே மேலமாசி வீதி மேடையில் திரும்பச் சொன்னால் அந்தக் காப்பு கிடையாது. பேச்சுக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆளுங்கட்சியினரைப் பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது

வேண்டாம்.

அனுப்பியதோடு மறந்துவிடுவது

அமைச்சர் சபையில் ‘பரிசீலிக்கிறோம்’, ‘தகவல் திரட்டித் தருகிறோம்’ என்று சொல்வது பல நேரம் உறுதிமொழிக் கணக்கில் சேரும். அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒரு குழுவே இருக்கிறது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் தாண்டியதும் எம்.பி.யிடம் காட்டி அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், எழுதிய விஷயத்தை அந்த வார அறிக்கையிலும் சேருங்கள்.