நம் வீட்டின் ஆயுள் கணக்கை எழுதும் முறை

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களில் 28 ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். என் அத்தைக்கு 96 வயது. தேயிலைத் தோட்டத்துப் படிகளை இன்றும் கைத்தடி இல்லாமல் ஏறுகிறார். "இந்த ஆயுள் எங்களுக்கும் வருமா?" என்று கேட்கும் பிள்ளைகளை முதலில் ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்வேன்.

அப்பா வழிக்கு ஒரு பக்கம், அம்மா வழிக்கு ஒரு பக்கம். தாத்தா, பாட்டி, அவர்களுடன் பிறந்தவர்கள் வரை எழுதுங்கள். வயதைச் சரிபார்க்காமல் எழுத வேண்டாம். எண்பதைத் தாண்டினாலே நூறு என்று சொல்லிவிடுகிறார்கள். பிறப்புச் சான்று இல்லையென்றால், சுதந்திரம் வந்த 1947-ல் கொழுந்து பறிக்கப் போனாரா, கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள். அத்தைக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில்.

வயதைவிட முக்கியமான கேள்வி: முதல் மாத்திரை எந்த வயதில்? நூறைத் தொடுபவர்கள் பலருக்கும் நோய் வருகிறது, ஆனால் மிகத் தாமதமாக வருகிறது. அத்தை இரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கியது 88-ல். ஒரே கிளையில் மூன்று நான்கு பேர் இப்படி இருந்தால் மரபணுவின் பங்கு இருக்கலாம். ஒருவர் மட்டும் என்றால் எதுவும் சொல்ல முடியாது.

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். ஃபாக்ஸோ3 என்ற மரபணுவின் ஒரு வகைக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு உண்டென்று ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008-ல் கண்டார்கள். அது தனியாக எவருடைய ஆயுளையும் தீர்மானிப்பதில்லை. டென்மார்க் இரட்டையர்களை வைத்து 1996-ல் வெளியான ஆய்வில் ஆயுள் வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான்.

ஹார்மோன் ஊசி விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். என் தம்பி 'இளமை ஊசி' என்று வளர்ச்சி ஹார்மோன் போட்டுக்கொண்டான். கை மரத்தது, கால் வீங்கியது, சர்க்கரை ஏறியது. ஆராய்ச்சி காட்டுவதோ நேர் எதிர். 1993-ல் சிந்தியா கென்யன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு புழுவில் இன்சுலின் போன்ற சமிக்ஞையைக் குறைத்தபோது அதன் ஆயுள் இரட்டிப்பானது. நம் உடலில் வளர்ச்சி ஹார்மோன் தூண்டிவிடுவதும் இதே வகைச் சமிக்ஞையைத்தான். வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யாத லாரான் குறைபாடு உள்ள ஈக்வடார் மக்களுக்குப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் மிக அரிது. உயரம் குறைவு என்பது வேறு. குறைந்திருப்பது காக்கிறது என்று தெரியும்போது, காசு கொடுத்து ஏற்றிக்கொள்வானேன்?

தைராய்டு அளவும் அப்படித்தான். டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; முதுமையில் அது சற்று உயர்வது இயல்பு. மருத்துவர் சொல்லாமல் மாத்திரை தொடங்காதீர்கள்.

நோட்டில் 55 வயதுக்கு முன் மாரடைப்பு என்று எங்கேனும் வந்தால் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.