கைக்குழந்தை அசைவைக் காண்கிறதா? வீட்டில் சோதிக்கும்போது நேரும் தவறுகள்

உப்புவெளியில் உறவினர் வீடொன்றில், ஏணையில் கிடந்த ஆறு வாரப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அம்மம்மா திறப்புக்கோர்வையை ஆட்டினார். பிள்ளை தலையைத் திருப்பியதும், "பாத்தியா, வடிவாப் பாக்குது" என்றார். அது சத்தத்துக்காகவும் திரும்பியிருக்கலாம் என்று அங்கிருந்த எவரும், நான் உட்பட, யோசிக்கவில்லை. மிகப் பரவலான தவறு இதுதான்: பார்வையைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு செவிப்புலனைச் சோதிக்கிறோம். கண்ணருகே கையை வீசி, இமை மூடுகிறதா என்று பார்ப்பதும் இந்த வகையே. வீசும் கையின் காற்று கருவிழியில் பட்டாலே இமை மூடிவிடும். அன்று ஏணையும் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. தலை அசையும்போது உட்காதின் சமநிலை உறுப்பு கண்களைத் தானாகவே எதிர்ப்புறம் நகர்த்துவதால், ஆடும் ஏணையில் கண் அசைவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஏணையை நிறுத்திவிட்டு, 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில், வாய் பேசாமல், உங்கள் முகத்தையே மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கடையில் இல்லை.

பிறந்த பிள்ளைக்கு அசைவே தெரியாது என்று நினைப்பதும் பிழை. அகலக் கோடுகள் போட்ட துணியைக் கண்முன் நகர்த்தினால், பிறந்த சில நாட்களிலேயே கண்கள் அதனுடன் சென்று, வெடுக்கென்று மீண்டு, மறுபடியும் செல்லும். 2008 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், பிறந்து இரண்டு நாட்களேயான குழந்தைகள், ஒழுங்கின்றி நகரும் புள்ளிகளைவிட, நடக்கும் கோழியின் அசைவைக் காட்டும் ஒளிப்புள்ளிகளையே கூடுதலாக நோக்கின. ஆயினும், கோடுகளைத் தொடரும் அந்த அனிச்சை பெரும்பாலும் மூளையின் அடித்தளப் பகுதிகளின் வேலை. ஒரு பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை மூளையின் மேற்பட்டை பிரித்தறியத் தொடங்குவது ஏறக்குறைய இரண்டு மாதமளவில்தான். ஆகவே முதல் வாரத்தில் கண் அசைந்ததை வைத்து எல்லாம் சரியென்று இருந்துவிடவும் கூடாது.

இதற்கு மறுபுறமான தவறு, அவசரப்பட்டுப் பயப்படுவது. ஒரு மாதப் பிள்ளை நகரும் பொருளைச் சீராகத் தொடராது; கண் பின்தங்கி, பின் சிறு சிறு பாய்ச்சல்களாக அதை எட்டிப்பிடிக்கும். சீரான தொடர்தல் ஆறாவது முதல் எட்டாவது வாரத்தில் தலைகாட்டி, மூன்று நான்கு மாதங்களில் நன்றாகத் தேறும். டச்சுக்குடாக் கடற்கரையில் தூரத்து வள்ளத்தைக் காட்டி, "பாக்குதில்லையே" என்று கலங்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். நல்ல பார்வையுள்ளவர் 120 மீற்றரில் காணும் ஒன்றைப் பிறந்த பிள்ளை ஏறத்தாழ 6 மீற்றரில்தான் காணும். இரண்டு மாதத்திலும் தூரத்து வள்ளம் அதற்குக் கடலோடு கடலாகவே இருக்கும்.

ஒரு கண்ணை மூடிச் சோதிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. முதல் மூன்று மாதங்களில், திறந்திருக்கும் கண்ணின் காதுப் பக்கத்திலிருந்து மூக்குப் பக்கமாக நகரும் கோடுகளைப் பிள்ளை நன்றாகத் தொடரும். எதிர்த்திசையில் தொடர்வது பலவீனமாகவே இருக்கும். இது நோயன்று, ஆறு மாதமளவில் இரு திசைகளும் பெரும்பாலும் சமமாகிவிடும். சிறுவயதிலேயே மாறுகண் ஏற்பட்ட பிள்ளைகளில் இந்த வேறுபாடு நீடிப்பதுண்டு. அதை வீட்டில் கண்டுபிடிக்க முயலாமல் கண் மருத்துவரிடம் விடுவதே நல்லது.

அசையும் படம் கண்ணுக்குப் பயிற்சி என்று கைத்தொலைபேசியைக் காட்டுவதற்கு ஆதாரமில்லை. ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல்.

மாதக் கணக்கிலும் தவறு நேரும். எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும்போது, அதன் பார்வையை இரண்டு மாதப் பிள்ளையின் பார்வையாகவே எடைபோட வேண்டும். அப்படிக் கணக்கிட்டும் நான்கு மாதத்தில் முகத்தைத் தொடராவிட்டாலோ, அந்த வயதுக்குப் பின்னும் கண் மாறியே நின்றாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் காட்டுங்கள். கண்கள் ஓயாமல் ஆடினாலும், கண்மணியில் வெண்மை தெரிந்தாலும் எந்த வயதென்றும் பார்க்க வேண்டாம், அன்றே கொண்டுபோங்கள்.