வெயில் ஆகாத குழந்தை: எக்ஸ்பி நோயை அடையாளம் காண்பதும் காப்பதும்

புற ஊதாக் கதிர்கள் எல்லோருடைய தோல் செல்களிலும் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. உடல் அதை உடனுக்குடன் செப்பனிட்டுக்கொள்கிறது. ஜீரோடெர்மா பிக்மெண்டோசம், சுருக்கமாக எக்ஸ்பி, என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு அச்சிதைவைச் சமாளிக்கும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்திருக்கிறது.

குழந்தையின் மூக்கு, கன்னம், கழுத்து, புறங்கை ஆகிய இடங்களைப் பாருங்கள். 2 வயதுக்குள்ளேயே அங்கெல்லாம் பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாகத் தோன்றியிருக்க, துணி மூடிய வயிறும் பிட்டமும் மாசுமருவின்றி இருந்தால், தோல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். சிறிது நேர வெயிலுக்கே தோல் சிவந்து கொப்பளித்து, ஆற வாரக்கணக்கில் ஆவதும் ஓர் அறிகுறிதான். ஆனால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்படிக் கொப்பளிப்பதே இல்லை என்பதால், "வெயிலில் விளையாடுகிறான், ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. பாதுகாப்பின்றி வளரும் பிள்ளைகளுக்குப் 10 வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரக்கூடும்.

வெளிச்சத்தில் கண் கூசுவதும் சிவப்பதும் இவர்களிடம் சாதாரணம். ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு நரம்புகளும் பாதிக்கப்பட்டு, காது மந்தமாகலாம், நடை தடுமாறலாம். ஆகவே செவித்திறன் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாததால், காப்பதே சிகிச்சை. வெயில் சுடுகிறதா என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர் வரும். சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் அதில் ஒரு பகுதி ஊடுருவும். எனவே வீட்டிலும் வண்டியிலும் வகுப்பறையிலும் கண்ணாடிகளுக்குப் புற ஊதா தடுப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். ஹாலஜன் விளக்குகளை நீக்கி எல்இடி பொருத்துங்கள். பகலில் வெளியே போக நேர்ந்தால் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தடுப்பு, கண்ணாடி எல்லாம் வேண்டும். சன்ஸ்கிரீன் இவற்றுக்குத் துணைதான், மாற்று அல்ல. புற ஊதாக் கதிரை அளக்கும் சிறு மீட்டர் ஒன்று கையில் இருந்தால், எந்த அறையில் பிள்ளை தாராளமாக விளையாடலாம் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். பிள்ளையைத் தேவைக்கு மேல் அடைத்துவைக்காமல் இருக்க அது பெரிதும் உதவும்.

வெயில் படாததால் வைட்டமின் டி குறையும். மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. மாதந்தோறும் உச்சந்தலை, உதடு, இமை உட்பட உடல் முழுவதையும் பார்த்து, புதிய கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

பெரும்பாலும் பெற்றோர் இருவரும், தமக்கு நோயில்லாமலே, இந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். அப்போது ஒவ்வொரு கருவுக்கும் இந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவதோடு, மூத்த பிள்ளைகளின் தோலையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.